எட்டாவது தற்செயல்

எங்கள் ஆட்கள் பெண் பார்க்கும் முறையில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. பெண் பார்க்கிறோம் என்பதை ஒருவரும் வாய்திறந்து சொல்லக் கூடாது. இரண்டு வீட்டாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கோயிலில், ஒரே சன்னிதிக்கு முன்னால் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். "அட, நீங்களும் வந்திருக்கிறியளோ?" என்று வியக்க வேண்டும். முதல்நாள் வரை தொலைபேசியில் பேசி நேரம் குறித்தவர்கள்தான் இப்படி வியக்கிறார்கள். சரிவந்தால் அது கடவுள் கூட்டிவைத்த சந்திப்பு. சரிவராவிட்டால் அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. ஆங்கிலேயரின் சட்டங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். இவ்வளவு ஓட்டையில்லாத ஒன்றை அவர்கள் எழுதியதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் என் மகள் லண்டனில் ஏழு தற்செயல்களைச் சந்தித்தாள். ஐந்து விம்பிள்டன் கோயிலில். ஒன்று யாரோ ஒருவருடைய பிள்ளையின் பிறந்தநாள் விழாவில். ஒன்று அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடையில், உள்பாவாடைகள் அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால். அந்தத் தட்டில் பன்னிரண்டு நிறங்கள் இருந்தன. மாப்பிள்ளை ஒருதரமும் நிமிர்ந்து பார்க்காததால் எனக்கு எண்ண நேரம் கிடைத்தது.

நான் எதையும் எண்ணுகிறவன். மனைவி அதை வியாதி என்பாள். ஒரு கவுன்சிலின் கணக்குப் பகுதியில் ஓய்வு பெறும்வரை அந்த வியாதிக்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். எங்கள் அப்டன் பார்க் ஸ்டேஷனில் ஏறினால் விம்பிள்டன் முப்பதாவது ஸ்டேஷன். போகும்போது மகள் சேலையில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து புத்தகம் வாசிப்பாள். திரும்பும்போது அதே புத்தகத்தில் விட்ட இடத்திலிருந்து வாசிப்பாள்.

ஏழாவது முடிந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. மருத்துவமனையொன்றில் மருந்தாளராக வேலை செய்தாள். எட்டாவதைப் பற்றி நான் பேச்செடுத்ததும், சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, ஏழு முடிஞ்சுது. இதுக்கும் வாறன். ஆனால் எட்டோடை சரி. பிறகு நீங்களும் கேக்கக் கூடாது, அம்மாவும் கேக்கக் கூடாது. நீங்கள்தானே எண்ணுறனீங்கள், எண்ணிக்கொள்ளுங்கோ."

"எட்டு நல்ல எண்ணில்லை, பிள்ளை," என்றாள் மனைவி. "ஒன்பதெண்டு வைப்பம்."

"எட்டு," என்றாள் மகள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன். மிச்சமிருப்பது ஒன்று என்றால், அந்த ஒன்றைப் பிழைவிடக் கூடாதல்லவா?

எட்டாவது மாப்பிள்ளை சுவிஸில் இருந்தார். லண்டன் விசாவுக்கு இரண்டுதரம் விண்ணப்பித்து இரண்டுதரமும் மறுத்துவிட்டார்களாம். அப்படியென்றால் நாங்கள் சுவிஸுக்குப் போகலாமே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். போனால் பெண்ணைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் காட்டியதாக ஆகிவிடும். அது மரியாதை இல்லை. யாருடைய வீட்டுக்கும் பக்கத்தில் இல்லாத, இரண்டு பகுதிக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். கலியாணப் புரோக்கர் ஐரோப்பிய வரைபடத்தை எங்கள் முன்னறையில் விரித்து, இத்தாலியில் நீளமாகக் கிடந்த ஒரு நீலக் கோட்டில் விரலை வைத்தார்.

"அண்ணை, இது மஜோரே ஏரி. மேல்நுனி சுவிஸ், மிச்சமெல்லாம் இத்தாலி. அவை காரிலை ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவினம். நீங்கள் ஹொலிடே போறியள். அவையும் ஹொலிடே போகினம். கரையிலை தற்செயலாச் சந்திக்கிறியள்."

"கோயில் இல்லையே?" என்றாள் மனைவி.

"அக்கா, விம்பிள்டனிலை நடந்த கடைசி விசயம், நீங்கள் வீடு வந்து சேர முந்தி லண்டன்ரை மற்றப் பக்கம் ஹரோவிலை தெரிஞ்சிட்டுது. இஞ்சை அந்தக் கரைச்சல் இல்லை. எங்கடை ஆக்கள் ஒரு குஞ்சும் அந்தப் பக்கம் வராது. தமிழ்க் குடும்பமொண்டு கண்டால், அவைதான் இவை."

இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் நாங்கள் விமானம் ஏறினோம்.

மாப்பிள்ளையின் படம் என்னிடம் இருந்தது. எங்கள் கலியாணப் படங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஸ்டூடியோவில் கோட்டைக் கொடுத்து, மீசையைக் கறுப்பாக்கி, கன்னத்தை வெளுப்பாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்து எடுப்பார்கள். எட்டுப் பேருடைய படங்களும் என்னிடம் உள்ளன. எட்டும் ஒரே ஆள். படத்தைக் கொண்டு மாப்பிள்ளையை அடையாளம் பிடிக்கலாம் என்று நினைப்பவன் இன்னும் முதலாவதில் நிற்கிறான்.

பிரயாண முகவர் தந்த புத்தகத்தில் 'பாறைகள் சூழ்ந்த எழில்மிகு கரை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பாறைகள் சூழ்ந்திருந்தது உண்மை. மணல் என்று ஒரு கைப்பிடிகூட இல்லை. தேங்காயளவு, மாங்காயளவு, நெல்லிக்காயளவு என்று மூன்று வகைக் கற்கள். ஒவ்வொரு வகையும் செருப்பை ஒவ்வொரு திசைக்குத் திருப்பியது. வெள்ளைக்காரர்கள் அதன்மேல் துவாயை விரித்து, மெத்தையில் படுத்த மாதிரிக் கண்ணை மூடிக் கிடந்தார்கள். தண்ணீர் மட்டும், சொல்லத்தான் வேண்டும், அப்படி ஒரு தண்ணீர். ஆள் மூழ்கும் ஆழத்திலும் அடியில் கிடந்த கல்லை எண்ணலாம் போலிருந்தது. எதிர்க்கரையில் மலைகள் நேராக ஏரிக்குள் இறங்கி நின்றன. நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன், கற்களைத்தான்.

"மலையும் தண்ணியும் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி. "இருக்கிறதுக்குத்தான் இடமில்லை." அவள் சேலைக்குமேல் கார்டிகனும், காலில் சொக்ஸும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்டிருந்தாள். லண்டனில் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் சீருடை. மகள் தோளில் ஒரு பையோடு, எங்களுக்குச் சம்பந்தமில்லாதவள் போலச் சற்றுத் தள்ளி வந்தாள்.

போனவுடன் கரையிலிருந்த எங்கள் நிறத்து ஆட்களை எண்ணினேன். நாங்கள் மூவர். பெரிய பாறையடியில் பாய் விரித்து, காஸ் அடுப்பில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய், தகப்பன், ஓர் இளைஞன். மேலே ஐஸ்கிரீம் கடையின் குடைக்குக் கீழே மூவர்: பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா, கோட்டும் டையும் போட்ட இரண்டு ஆண்கள். மொத்தம் ஒன்பது. கடையிலிருந்தவர்களை ஏதோ ஒரு தூதரகத்து இந்தியர்கள் என்று முடிவுகட்டிக் கழித்துவிட்டேன். தற்செயலாக வருகிறவர்கள் அப்படி உடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். பாறையடிக் குடும்பம் இடுப்பில் சரத்தோடும் பழைய சட்டையோடும் இருந்தது. இவ்வளவு பொருத்தமாகத் தற்செயலை ஏற்பாடு செய்தவர்களை நான் அதற்குமுன் கண்டதில்லை.

நாங்கள் பாறையைப் பார்க்கப் போகிறவர்கள் போலப் பாறையடிக்குப் போனோம்.

"அட! தமிழ் ஆக்களோ?" என்று அந்தத் தகப்பன் எழுந்தார். வியப்பு அசல் வியப்பாகவே இருந்தது. நல்ல நடிகர் என்று நினைத்தேன். "வாங்கோ, வாங்கோ, இருங்கோ. எவடத்திலையிருந்து?"

"லண்டன்."

"நாங்கள் ஜெர்மனி."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சுவிஸ் என்று சொன்னால் தற்செயல் கெட்டுவிடும் என்று நாட்டையே மாற்றிச் சொல்கிறார். கொஞ்சம் அதிகமாகப் போகிறார் என்று பட்டது. என்றாலும் கவனமான மனிதர்.

"ஊரிலை எவடம்?" என்றேன்.

"மானிப்பாய். நீங்கள்?"

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஊர் கேட்டோம், ஒழுங்கை கேட்டோம், பள்ளிக்கூடம் கேட்டோம். தாயின் பகுதி எந்த ஊர், யார் யார் கனடாவில், வீடு சொந்தமா வாடகையா, பையனுக்கு என்ன வேலை, நிரந்தரமா, சலரோகம் குடும்பத்தில் உண்டா என்று எல்லாம் கேட்டோம். அவர்களும் எங்களிடம் அத்தனையும் கேட்டார்கள். ஒருவருக்கும் ஐமிச்சம் வரவில்லை. ஏனென்றால், எங்கள் ஆட்கள் இருவர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் இதைத்தான் கேட்பார்கள். பஸ் தரிப்பிடத்தில் கேட்பதற்கும் பெண் பார்க்கும்போது கேட்பதற்கும் ஒரு கேள்வி வித்தியாசமில்லை.

புரோக்கர் சொன்னதற்கும் இவர்கள் சொன்னதற்கும் ஐந்து இடத்தில் பொருந்தவில்லை. தகப்பன் வங்கி மானேஜர் என்றார் புரோக்கர். இவர் சித்திரம் படிப்பித்தவர். ஒரே பிள்ளை என்றார், இவர்களுக்கு இரண்டு. எஞ்சினியர் என்றார், பையன் சலவை மெஷின் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஊரும் வேறு, நாடும் வேறு. ஐந்து பிழை. ஒரு கலியாணப் புரோக்கருக்கு ஐந்து மிகக் குறைவு. ஏழாவது மாப்பிள்ளையின் விவரங்களில் ஒன்பது இருந்தன. ஆகவே எனக்கு நம்பிக்கை கூடியது.

மனைவி பயத்தம் பணியாரப் பெட்டியைத் திறந்தாள். அந்த அம்மா தேத்தண்ணீர் தந்தார். இரண்டு பெண்களும் நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். சரியான தருணம் என்று கண்டு நான் தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளையள் எங்களோடை இருந்து என்ன செய்யிறது? அந்தப் பக்கம் போய்த் தண்ணியைப் பாக்கலாமே."

"ஓமோம்," என்றார் அந்த அம்மா. "தம்பி, அக்காவுக்கு ஆழமில்லாத இடத்தைக் காட்டு."

அக்கா! எனக்குச் சுருக்கென்றது. மனைவி என் முழங்கையைக் கிள்ளி மெதுவாகச் சொன்னாள்: "சும்மா இருங்கோ. அதுவும் நடிப்புத்தான்."

இருவரும் தண்ணீருக்குப் போனார்கள். மகள் பைக்குள் நீச்சலுடுப்புக் கொண்டுவந்திருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. மேலே ஒரு நீளச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினாள். முதலில் முழங்கால் அளவில் நின்று ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். உடனே அவள் சிரித்தாள். ஏழு தற்செயல்களிலும் அவள் சிரித்ததில்லை. பிறகு அவள் நீந்தத் தொடங்கினாள். போனாள், போனாள், தூரத்தில் கறுத்தத் தலை மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி போனாள்.

"இது சரிவரும்," என்றாள் மனைவி எனக்கு மட்டும் கேட்க. அவள் கண் கலங்கியிருந்தது. நான் சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு.

இரண்டு மணித்தியாலம் அப்படியே போனது. கலியாணம் ஆவணியிலா தையிலா என்று யோசிக்கும் அளவுக்கு நான் போய்விட்டேன். அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, கற்களில் தடுமாறி வந்தாள். தண்ணீரில் நின்றவனைப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"இஞ்சேருங்கோ, பிள்ளை எழும்பீட்டான்! வந்து பிடியுங்கோ!"

அவன் வந்தான். பிடித்தான்.

மனைவியின் கையில் பணியாரம் பாதியில் நின்றது. "அது ஆர்?"

"எங்கடை மருமகள்," என்றார் அந்த அம்மா. "பேரன் நித்திரையெண்டு, றோட்டிலை நிப்பாட்டின வானுக்குள்ளை இருந்தவள்."

"ஆற்றை மனிசி?"

"தம்பீன்ரை தான். வேறை ஆற்றை?"

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். அவளைத் தள்ளிக் கூட்டிப் போனேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"போனவுடனை. கேட்டன், சொன்னார்."

"கேட்டனியோ? நேரை கேட்டனியோ?"

"ஓம் அப்பா. 'நீங்கள்தானோ மாப்பிளை' எண்டு கேட்டன். 'இல்லை அக்கா, என்ரை மனிசி வானுக்குள்ளை' எண்டார்."

"ஏன் வந்து சொல்லேல்லை?"

அவள் ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணி நல்லா இருந்தது."

நேரே கேட்பது என்று ஒரு வழி இருந்தது எனக்கும் மனைவிக்கும் இரண்டு மணித்தியாலமாகத் தோன்றவில்லை. அதைப் பற்றி வெட்கப்பட நேரமிருக்கவில்லை. ஒன்பதில் மூன்றை நான் கழித்துவிட்டது நினைவுக்கு வந்தது. ஐஸ்கிரீம் கடையை நிமிர்ந்து பார்த்தேன். குடைக்குக் கீழே மேசை வெறுமையாக இருந்தது.

மனைவியும் நானும் கற்களில் ஓடினோம். ஓடினோம் என்று சொல்வது மரியாதைக்காக. கார் நிறுத்துமிடத்தில் அந்த மூவரும் இருந்தார்கள். கோட்டுக்காரத் தகப்பன் பெட்டியைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை அம்மாவின் முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"அட, நீங்களும் வந்திருக்கிறியளோ?" என்றேன். மூச்சு வாங்கியது. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நாங்கள் பதினொரு மணிக்கே வந்திட்டம்," என்றார் அந்த அம்மா. "நீங்கள் கீழை வேறை ஆக்களோடை சம்பந்தம் பேசி, பணியாரமும் குடுத்து, பிள்ளையையும் தண்ணிக்குள்ளை அனுப்பிப் போட்டியள். நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

"எங்களை லண்டன் ஆக்கள் எண்டு தெரிஞ்சதோ?"

"சேலையோடை சப்பாத்துப் போடுறது வேறை ஆர்?"

"அப்ப ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்பிடிக் கூப்பிடுறது? தற்செயலாச் சந்திக்கிறதெண்டெல்லோ பேச்சு."

விதி அவருடைய பக்கம் நின்றது.

அதற்குள் மகளும் வந்து சேர்ந்தாள். தலைமயிரிலிருந்து நீர் சொட்டியது. மாப்பிள்ளை கோட்டுக்குள் வேர்த்துக் கரைந்துகொண்டிருந்தார். படத்திலிருந்த மீசை முகத்தில் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தண்ணி நல்ல குளிர்," என்றாள் மகள். "நீங்களும் இறங்கியிருக்கலாம்."

"எனக்கு நீந்தத் தெரியும்," என்றார் அவர், ஒரு குறையைச் சொல்வது போல. "அம்மா சப்பாத்துக் கழட்ட விடேல்லை."

"தம்பி, காருக்குள்ளை ஏறு," என்றார் அம்மா.

ஏறினார். கார் திரும்பும்போது கண்ணாடியை இறக்கி ஏரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார் என்று மனைவி இன்றுவரை சொல்கிறாள். நான் அந்தப் பக்கம் நின்றவன். ஏரியைத்தான்.

மிலானோவுக்குத் திரும்பிய ரயிலில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. இது எண்ணிக்கையில் சேருமா, சேராதா?

"மாப்பிளையை நாங்கள் வடிவாப் பாக்கேல்லை. இருந்து ஒரு வசனம் கதைக்கேல்லை. பிறகென்ன பெண் பாக்கிறது?" என்றாள் மனைவி. "இது ஏழரையும் இல்லை."

நானும் அவள் பக்கம் சேர்ந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி கண்டதை ஒரு சந்திப்பாக எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார் என்றேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, மற்ற ஏழு பேரும் என்னைப் பத்து நிமிசம் பாத்தவை. அதிலை ஒராள் பாவாடைத் தட்டைத்தான் பாத்தவர். இவை மேலையிருந்து ரண்டு மணித்தியாலம் பாத்தவை. இது சேராட்டில் மற்றது ஒண்டும் சேராது. பூச்சியத்திலையிருந்து எண்ணப்போறியளோ?"

அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. மிலானோ வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஈர உடுப்பிருந்த பையை வைத்ததில் அவளுக்குப் பக்கத்து இருக்கை நனைந்திருந்தது. அதைத் துடைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லண்டனுக்கு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் தொலைபேசி எடுத்தார். நான் படிக்கட்டடியில் நின்று பேசினேன். எங்கள் வீட்டில் தொலைபேசி அங்கேதான். மனைவி குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். மகள் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலேயிருந்து இறங்கினாள். ஞாயிறுகளில் கவுன்சில் நீச்சல் குளத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பேசுவது யார் என்று தெரிந்ததும் மூன்றாவது படியில் நின்றுவிட்டாள்.

"அண்ணை, நடந்தது நடந்துபோச்சு," என்றார் புரோக்கர். "அது கணக்கிலை வராது. இப்ப கனடாவிலை ஒரு பொடியன். தங்கமான பிள்ளை. நயாகரா நீர்வீழ்ச்சியடியிலை ஒரு தற்செயல் வைக்கலாம். பிள்ளைக்குத் தண்ணியும் விருப்பமெண்டு கேள்விப்பட்டன்."

குசினி வாசலில் மனைவி ஒரு கையின் ஐந்து விரலையும் மற்றக் கையின் நாலு விரலையும் உயர்த்திக் காட்டினாள். ஒன்பது. கண்ணால் கெஞ்சினாள். மகள் கெஞ்சவில்லை. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பார்வை.

எனக்குப் பயமாக இருந்தது. எங்களுக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற பயம். அந்தப் பயம் எட்டோடு முடியும் என்று யாரும் எனக்கு வாக்குத் தரவில்லை. ஆனால் நான் ஒருவருக்குத் தந்திருந்தேன்.

"அது கணக்கிலை வரும்," என்றேன். "எட்டும் முடிஞ்சுது."

"அண்ணை, நீங்கள் பிழையா எண்ணிப்போட்டியள்."

"எண்ணுறதிலை எனக்குப் பிழைக்கிறேல்லை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவி விரல்களை இறக்காமல் நின்றாள். மகள் மிச்சப் படிகளை இறங்கி வந்து சப்பாத்தைக் கட்டினாள்.

"வாறன் அப்பா," என்றாள்.

"நீந்தி முடியத் தலையைத் துவட்டிப்போட்டு வெளிக்கிடு. வெளியிலை குளிர்," என்றேன். அவள் கதவைச் சாத்தாமலே போய்விட்டாள். நான் போய்ச் சாத்தினேன். அன்று மனைவி எனக்குத் தந்த தேத்தண்ணீரில் சீனி போடப்பட்டிருக்கவில்லை.